உன் குற்றத்தை மட்டும் சொல்

அந்தக் காலத்தில் புருஷன் பெண்சாதி சண்டை வாசல் தாண்டி வராது, பெரியவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்து நாலு வார்த்தை சொன்னால் அதோடு தீர்ந்தது, இப்போதுபோல வக்கீல் வீட்டுக்கு ஓடுகிற பழக்கம் ஏது என்று நீங்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு பேச்சில் மட்டும் அது அடங்கிக் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்படி உட்கார வைத்து நாலு வார்த்தை சொன்ன பெரியவர் என் அப்பா. அதற்குச் சாட்சி சொன்னவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. இத்தனை வருஷம் மென்று முழுங்கியதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகும் என்னோடு பேசுகிறவர்கள் பேசுங்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சீமெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கூடக் கரிவாயுவில்தான் ஓடியது. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். முத்துக்குளி நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, சங்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வளவுக்குக் கிழக்கே ஒரு சங்குக் கிடங்கு. கடல் காற்று வீசினால் அழுகின சங்குச் சதை நாற்றத்தில் சோறு இறங்காது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கேயிருந்து அடிக்கும்போது நாற்றம் கடலுக்குப் போய்விடும், பதிலுக்குத் தேரி மணல்மேடுகளிலிருந்து செம்மண் வந்து சேரும். தட்டில், தலையணையில், வேதப்புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில், எங்கே தொட்டாலும் நறநறவென்று மண். நான் சொல்வது அப்படி ஒரு கச்சான் காலத்தில் நடந்தது.

வளவு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு. நடுச்சுவர்கள் ஓடு வரைக்கும் போகாமல் உத்திரத்தோடு நின்றுவிடும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு சொல்வார்கள். எங்கள் வீட்டை ஒட்டினது சித்தப்பா வீடு. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கப்பல் ஆபீசில் கிளார்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் ஆர்மோனியம். ஆளைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். சீனி கிடைக்காத அந்த நாளிலும் எங்கேயோ பிடித்து வளவுப் பிள்ளைகளுக்கு மக்ரூன் வாங்கிவருவார். வாயில் போட்ட உடனே கரைந்து முந்திரி வாசம் மட்டும் மிஞ்சும். நான் அவருக்குச் செல்லம். எனக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான்.

சித்தி சாயர்புரத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சபையில் மூப்பர். மாதத்தில் ஒரு ஞாயிறு நற்கருணை. யாரோடாவது மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்குப் போகக் கூடாது, ஆர்மோனியத்தில் உட்காரக் கூடாது, பாடவும் கூடாது. அதனால் முந்தின சனிக்கிழமை நாலு மணிக்கு, சண்டைக்காரர்களை எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே பாயில் உட்கார வைப்பார். அதற்கு ஒப்புரவு என்று பெயர். ஒரே ஒரு சட்டம்தான். அவரவர் குற்றத்தை மட்டும் சொல்லலாம். அடுத்தவர் குற்றத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் மன்னிச்சேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அப்பா ஜெபம் பண்ணுவார். அம்மா ஒரு செம்பில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஒருவர் பாதி குடித்து மற்றவர் கையில் கொடுத்தால் காரியம் முடிந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. கிணற்றுக் கயிற்றுக்காக ஒரு வருஷம் முகம் பாராமல் இருந்த இரண்டு பெண்கள் ஒரு தடவை அந்தப் பாயில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "கயித்த அறுத்துப் போட்டது நான்தான்" என்றாள். மற்றவள், "இவ மவளுக்குப் பேதி எடுக்கணும்னு நான் மண்ண வாரித் தூத்துனேன்" என்றாள். "எம்மா பாவி! அதான் பிள்ளைக்கு மூணு நாளு நிக்காமப் போச்சா?" என்று முதலாமவள் கத்த, இரண்டு பேரும் அழுது, பிறகு சிரித்து, அப்பாவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செம்பு காலியாகிவிட்டது. அப்பாவுக்கு ஊரில் அப்படி ஒரு பெயர்.

சண்டை என்றால் எங்கள் வீட்டிலும்தான் நடந்தது. அம்மாவின் செப்புப் பானையை அப்பா சபை விருந்துக்கு இரவல் கொடுத்து, அது ஒடுங்கிப்போய்த் திரும்பி வந்தது. அம்மா சாமியாடிவிட்டாள். "ஊருக்கெல்லாம் ஒப்புரவு, என் பானைக்கு மட்டும் ஒடுக்கா?"

"ஏளா, மெதுவாப் பேசு. தெருவே கேக்கும்."

"கேக்கட்டும். தெருவுக்குத்தான பானையத் தூக்கிக் குடுத்தீக!"

அப்பாவும் விடவில்லை. மாமனார் வீட்டைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கரண்டி பறந்தது. மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. "உங்க அம்மாகிட்ட வெந்நீர் போடச் சொல்லு." "உங்க அப்பாவுக்குக் கை இருக்கான்னு கேளு." நான் நடுவில் நின்று ஒவ்வொன்றையும் ஒப்பித்தேன். நாலாம் நாள் அப்பா தானே கொட்டாப்புளியை எடுத்துப் பானையைத் தட்டி நிமிர்த்தப்போய், இன்னொரு பக்கமும் ஒடுக்கிவிட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அந்த மூன்று நாளும் பயமே இல்லை. அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை.

சித்தப்பா வீட்டில் இப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. வளவுப் பெண்கள் எங்கள் அம்மாவைக் கேலி பண்ணும்போது, "அடுத்த வீட்டப் பாத்துப் படி. ஒரு சொல்லு வெளிய கேக்கா?" என்பார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. தெரிந்ததை அறிவு என்று எடுத்துக்கொள்ளாத வயது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சித்தியோடு சோழி விளையாடுவேன். சித்திக்குச் சின்னக் கை. பன்னிரண்டு விழுந்தால் சிரிப்பை அடக்கத் தெரியாது. சித்தப்பாவின் ஷூவில் லாடம் அடித்திருக்கும்; முற்றத்துக் கல்லில் அது டக்கென்று கேட்டதும் சோழியெல்லாம் சித்தியின் மடிக்குள் போய்விடும். எழுந்து அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை. மூடிகள் மூடியிருக்கிறதா, தண்ணீர்ப் பானை நிறைந்திருக்கிறதா, விளக்குத் திரி வெட்டியிருக்கிறதா. பிறகு சுவரோரம் நிற்பாள். அப்பா வருகிற சத்தம் கேட்டால் எங்கள் அம்மாவின் குரல் உயரும், நாள் முழுக்கச் சேர்த்து வைத்ததைச் சொல்வதற்காக. சித்தப்பா வரும் சத்தம் கேட்டால் சித்திக்குக் குரலே இருக்காது. சாயர்புரத்திலிருந்து அவளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்து வாசித்து, வேண்டியதை மட்டும் அவர்தான் சொல்வார். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அந்த மாதம் எங்கள் வேதக்கோயில் பண்டிகையும் நற்கருணையும் ஒரே ஞாயிற்றில் வந்தன. அன்றைக்கு நான் தனியாக ஒரு கீர்த்தனை பாட வேண்டும் என்று சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் வகுப்பில் யாருக்கும் கிடைக்காத யோகம். தலைகால் புரியவில்லை எனக்கு. ரேஷனில் வாங்கின துணியில் அம்மா பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு லீவு நாள் மத்தியானம் பாடிப் பழகுவதற்காக ஓடினேன். சித்தப்பா ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சித்தி அடுக்களை நிலைப்படியில் நின்றாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உப்பு வைக்கிற மரச்சட்டி, மரவை, திறந்து கிடந்தது. நம் உப்பளத்துக் கல்லுப்பு, விரல் கணு அளவுக்கு இருக்குமே, அது. வாய் நிறைய அதைப் போட்டுக்கொண்டு, துப்பாமல், முழுங்காமல் நின்றாள். உதட்டோரம் வெடித்திருந்தது.

"கொழம்புல உப்பு போட மறந்துட்டா. மறக்காம இருக்கப் பழகுதா" என்றார் சித்தப்பா. சிரித்த முகம். குரல் உயரவே இல்லை. "சித்தி இப்பப் பேச மாட்டா. நீ பாடு."

நான் பாடினேன். ஐயோ, பாடினேன்! மூன்று சரணம். இரண்டாவது சரணத்தில் சுருதி விலகியது என்று திரும்பவும் பாடச் சொன்னார். திரும்பவும் பாடினேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, சித்தி எங்கள் பின்வாசல் வழியாக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒன்றும் இல்லை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "அக்கா, என்ன எங்க அண்ணன்கிட்டக் கொண்டு விட்டுருங்க. இனி அங்கன போவ மாட்டேன்" என்றாள். அம்மா மணிக்கட்டைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு விடியக்காலம் கரி பஸ் வரும். நானே கொண்டுபோய் விடுதேன்" என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். கேட்டதும் அவர் முகத்தில் கவலை தெரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் இருந்தது ஒரே மருந்து. "நாளைக்கு நாலு மணிக்கு ரெண்டு பேரையும் உக்கார வைப்போம். ஒப்புரவு ஆவலன்னா நானே சாயர்புரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆயிட்டுன்னா அவ வீட்டுக்குப் போட்டும்" என்றார். அம்மா முணுமுணுத்தாள். பிறகு சரி என்றாள்.

ஆக, சித்தி போவதா திரும்புவதா என்பது அந்தப் பாயில் முடிவாக வேண்டும். எனக்கோ வேறு ஒரு கணக்கு. ஒப்புரவு ஆகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஆர்மோனியத்தில் உட்கார முடியாது. அவர் இல்லாவிட்டால் என் பாட்டு இல்லை. பாவாடைக்கு அம்மா அப்போதுதான் நாடா கோத்து முடித்திருந்தாள்.

சனிக்கிழமை சித்தப்பா சலவை வேட்டியில் வந்தார். பாயில் உட்கார்ந்தார். சித்தி மறு ஓரத்தில்.

"என் குத்தத்த நான் சொல்லிருதேன் அண்ணே" என்று ஆரம்பித்தார். "எனக்குக் கொஞ்சம் முன்கோபம். அவ சின்னப் பிள்ள, நாமதான் பொறுத்துப் போவணும். நான் பொறுக்காமப் போயிட்டேன்." குரல் தழுதழுத்தது. அப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ சொல்லும்மா."

சித்தி தலையைத் தூக்கினாள். "அத்தான், என் குத்தம் எவ்வளவும் இருக்கும். எல்லாத்தையும் சொல்லுதேன். ஆனா அவுக செய்யிறதையும் நான் சொல்லணும்."

"அது ஒப்புரவு இல்லம்மா, வழக்கு. உன் குத்தத்த மட்டும் சொல்லு."

"அதச் சொல்லாம இதச் சொன்னா எப்படி அத்தான் வெளங்கும்?"

"ஆண்டவருக்கு வெளங்கும். நீ சொல்லு."

சித்தி வாயை மூடிக்கொண்டாள். காற்று கூரை ஓடுகளை உலுக்கிக்கொண்டிருந்தது. அடுக்களை வாசலில் நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த அறையில் அதுவரை பெண்கள் குறுக்கே பேசினது கிடையாது. அம்மா பேசினாள்.

"ஏங்க, பிள்ளைகிட்டக் கேளுங்க. அவதான தெனமும் அங்கன பாட்டு படிக்கப் போறா. அவ பாத்திருப்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார். வாத்தியார் குரலில் இல்லை, அன்பாகத்தான் கேட்டார். "ஏளா, இங்கன வா. பயப்படாமச் சொல்லு. சித்தப்பா மட்டும் சண்ட போடுவாங்களா, சித்தியும் போடுவாளா?"

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா சிரித்துக்கொண்டு பார்த்தார். அம்மா, சொல்லு சொல்லு என்பதுபோலப் பார்த்தாள். சித்தி பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. அவள் உதட்டோரம் புண் இன்னும் ஆறியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

"ரெண்டு பேருந்தான்ப்பா சண்ட போடுவாங்க" என்றேன். அது போதாது என்று தோன்றியது. "சித்தியும் கத்துவா" என்றேன்.

அப்பா பெருமூச்சு விட்டார். நிம்மதியில் விட்ட மூச்சு. அவருக்குத் தெரிந்த உலகம் அவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. "பாத்தியாம்மா, பிள்ள வாயில வருது. இனி உன் குத்தத்தச் சொல்லு."

சித்தி என்னைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் கத்துதேன். எதுத்து வாய் பேசுதேன். அதான் என் குத்தம்."

இரண்டு பேரும் மன்னிச்சேன் என்றார்கள். அப்பா ஜெபம் பண்ணினார். அம்மா செம்பைக் கொண்டுவந்து வைக்கும்போது காப்பி தளும்பிப் பாயில் கொட்டியது. சித்தப்பா பாதி குடித்துவிட்டுச் சித்தியிடம் கொடுத்தார். அவள் வீங்கின கையால் வாங்கி மிச்சத்தைக் குடித்தாள். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து முற்றத்தைத் தாண்டிப் போனார்கள். வளவே வாசலில் நின்று சந்தோஷமாகப் பார்த்தது.

மறுநாள் எனக்குத் தலை பின்னும்போது அம்மா கேட்டாள். "சித்தி கத்தி நீ எப்பளா கேட்ட?"

"கேட்டேன்."

"நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதது உனக்குக் கேட்டுதாக்கும்."

அம்மா சடையை இழுத்துக் கட்டின கட்டில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அப்பாவிடம் போய்ச் சொல்லவுமில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அம்மா மேல் வெகுகாலம் கோபம் இருந்தது. பழியில் பாதியை யார் தலையிலாவது தள்ளிவிடப் பார்க்கும் கோபம் அது. அந்தப் பாயில் முடிந்த காரியத்தைப் பிரித்தால் அப்பாவின் பெயர் என்ன ஆகும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். என் பெயரையும்தான்.

அன்றைக்குக் கோயிலில் நான் நன்றாகப் பாடினேன். சுருதி விலகவில்லை. சித்தி பெண்கள் பக்கத்தில், தூண் ஓரமாக, முக்காட்டை இடது பக்கம் இழுத்து விட்டுக்கொண்டு, என் பக்கமாக வலது காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒப்புரவாகி வீட்டுக்குப் போன அன்றைக்கு ராத்திரி விழுந்த அடியில் இடது காது போனது போனதுதான். அது அடுத்த மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. காதில் சீழ் வைத்திருக்கிறது என்று சித்தப்பா சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொன்னார்கள்.

சாயர்புரத்து அண்ணன் ஒரு தடவை வந்தார். யார் மூலமாகவோ செய்தி போயிருந்தது, அம்மா மூலமாக என்றுதான் நினைக்கிறேன். சித்தப்பா அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். "மூப்பர் முன்னால ஒப்புரவாயிட்டோம் மச்சான். வேணும்னா கேட்டுக்கிடுங்க." அப்பா ஆமாம் என்றார். பிள்ளைகூடச் சாட்சி என்று என் தலையைத் தடவினார். அண்ணன் தங்கச்சிக்குப் புத்திமதி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். சித்தி அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. இன்னும் மூன்று தடவை அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் தன் குற்றத்தைச் சொன்னாள். இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள்.

அப்பா நல்ல மனுஷர். யாரையும் அடித்ததில்லை, யாரிடமும் ஒரு பைசா வாங்கினதில்லை. சாகும் வரைக்கும் சித்தப்பா வீட்டு ஒப்புரவைத்தான் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தார். தன் பெண்சாதி தன்னைப் பார்த்துக் கரண்டி வீசுகிற வீட்டில் வாழ்ந்தவருக்கு, பெண்சாதி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற வீடு எப்படிப் புரியும்? சமமான இரண்டு பேருக்குத் தைத்த சட்டையை அவர் எல்லோருக்கும் போட்டுவிட்டார். அப்பாவுக்குத் தெரியாது என்றாவது நான் சொல்லிக்கொள்ளலாம். எனக்குத் தெரியும்.

சித்தப்பா போன பிறகு சித்தி சாயர்புரத்துக்கே போய்விட்டாள். எத்தனையோ தடவை கிளம்பி, பாதி வழியில், நம் பக்கத்துப் புதுக்கோட்டைக் கிராமம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கடைசியில், ஐம்பது வயது தாண்டின பிறகு, ஒரு நாள் போனேன். அண்ணன் மகன் வீட்டில், பின்பக்க அறையில் இருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் வலது பக்கத்தில் முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"சித்தி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நீங்க கத்தவே இல்ல."

"தெரியும்ளா" என்றாள்.

"பாட்டுக்காகச் சொன்னேன். பண்டிகையில பாடணும்னு."

இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "பாட்டுக்கா?" என்று கேட்டாள். "நான் அவுக உன்ன மெரட்டி வச்சிருந்தாகன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "என்ன மன்னிச்சிருங்க சித்தி" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

"உங்க அப்பா முன்னால நாலு தரம் மன்னிச்சேன்னு சொல்லியிருக்கேன். உங்க சித்தப்பா சாவக் கெடக்கும்போது குருவானவர் வந்து கேட்டாரு, அப்பவும் சொன்னேன். சொல்ல இஷ்டமான்னு ஒருத்தரும் கேக்கல. இப்ப எனக்கு யாருகிட்டயும் பயம் இல்ல. அதனால உள்ளதச் சொல்லுதேன். இல்லளா. மன்னிக்க மனசு வரல. நீ பச்சப்பிள்ளன்னு தெரியும். தெரிஞ்சும் வரல." பிறகு, "நேரமாச்சு, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

சித்தி யாரிடமும் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டிருக்க வேண்டிய ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவள் நான். "சரி சித்தி" என்றேன். அவள் போட்டதைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.